ஆறாம் வகுப்பு முதல் காலை உணவு: பள்ளியில் தொடங்க நினைப்பவர்களுக்கு

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தினமும் சூடாகச் சாப்பாடு கிடைக்கிறது. ஆறு, ஏழு, எட்டுக்குக் கிடையாது. 2024இல் ஒரு நாள் காலை எட்டேகால் மணிக்குப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டாம் வகுப்புத் தம்பியைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன். "பசிக்கலை சார்" என்றாள். தம்பி ஒவ்வொரு வாயாக எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்குக் குடித்த டீ மட்டும்தான் அவள் வயிற்றில் இருந்தது என்று அப்புறம் தெரிந்தது.

முன்னாள் மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து, அந்த மூன்று வகுப்புகளுக்கும் நாமே சமைத்துப் போடுவோம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்த நாளிலிருந்து முதல் கரண்டி பரிமாறும் வரை ஐந்து மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் ஆறு வாரத்தில் முடிந்திருக்கும். உங்களுக்கு அந்த மூன்றரை மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில், அரசுத் திட்டத்துக்குள் வருகிறீர்களா என்று பாருங்கள்

பணம் திரட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் திட்டம் 2023 ஆகஸ்டில் விரிவானது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் வந்தது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில். இந்த வகைப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உணவு வரவில்லை என்றால், நீங்கள் செய்ய வேண்டியது மனு எழுதுவது. ஊரகம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம், நகரம் என்றால் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகம். அரசு கொடுக்க வேண்டிய சோற்றுக்கு ஊரில் வசூல் செய்யாதீர்கள்.

மேல் வகுப்புகளுக்கோ, திட்டத்துக்குள் வராத சிறு பள்ளிக்கோ செய்ய நினைத்தால் மேலே படியுங்கள்.

2. எண்ணிக்கையைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்

வருகைப் பதிவேட்டில் 78 பேர் இருந்தார்கள். 78 பேருக்கும் சமைத்தோம். முதல் திங்கட்கிழமை நாலு கிலோ உப்புமா மிஞ்சியது. உண்மையில் சாப்பிட வந்தவர்கள் 60 பேர்.

தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, வகுப்பு ஆசிரியரை வைத்து ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். இன்று காலை என்ன சாப்பிட்டாய்? எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினாய்? பள்ளியில் கொடுத்தால் சாப்பிடுவாயா? கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டால் "சாப்பிடலை" என்று எந்தப் பிள்ளையும் கை தூக்காது. அதிலும் எட்டாம் வகுப்புப் பையன்கள் தூக்கவே மாட்டார்கள்.

ஏழைப் பிள்ளைக்கு மட்டும் என்று ஒருபோதும் பிரிக்காதீர்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் தட்டு வைக்க வேண்டும். பிரித்தால், உண்மையில் பசியோடு இருப்பவர்கள்தான் முதலில் வராமல் நிற்பார்கள்.

3. ஆவணங்கள்: எந்த வரிசையில் போக வேண்டும்

நாங்கள் மாதக்கணக்கில் அலைந்தது இங்கேதான். நேராக ஒரு மாவட்ட அலுவலகத்தில் போய்க் கடிதம் கொடுத்தோம். ஏழு வாரம் கழித்து, "பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கேள்வி நியாயமானதுதான், முதல் நாளே கேட்டிருக்கலாம். சரியான வரிசை இது:

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். குழுவில் பெற்றோர்தான் அதிகம் என்பதால் எதிர்ப்பு வராது. ஆனால் தீர்மானத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த வகுப்புகளுக்கு, எந்த இடத்தில் சமையல், செலவு யாருடையது, பொறுப்பாளர் யார். "காலை உணவு வழங்க அனுமதிக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் எழுதினால் பின்னால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இரண்டாவது, தலைமையாசிரியரின் கடிதம். தீர்மான நகலை இணைத்து, அவர் வழியாகவே கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் நேரில் கொண்டுபோனாலும் கடிதம் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மூன்றாவது, சத்துணவுக் கூடத்தைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் தனி அனுமதி வேண்டும். அந்தக் கூடம் கல்வித் துறையின் பொறுப்பில் இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேளுங்கள். மாவட்ட அளவில் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு) பார்க்கிறார். என் யோசனையைக் கேட்டால், அந்தக் கூடத்தைத் தொடவே வேண்டாம். காலைத் திட்டத்துக்கு ஒரு பொருள் இருப்பு, மதியச் சத்துணவுக்கு ஒரு இருப்பு, நடுவில் நம்முடையது ஒன்று என்றால் ஒரு கிலோ பருப்பு குறைந்தாலும் சந்தேகம் அங்கே வேலை செய்யும் அமைப்பாளர் மேலும் சமையலர் மேலும்தான் விழும். நாங்கள் பழைய சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்து அறையைச் சுத்தம் செய்து, தனி அடுப்பு, தனிப் பூட்டு, தனி இருப்பு நோட்டு வைத்தோம். ஒரு தீப்பெட்டிகூடக் கடன் வாங்குவதில்லை.

நான்காவது, உணவு பாதுகாப்புப் பதிவு. இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்குப் பதிவு என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. பள்ளியில் உணவு வழங்குவதற்கென்றே 2020ஆம் ஆண்டில் வந்த விதிமுறைகள் இருக்கின்றன; தானே சமைத்து வழங்கும் பள்ளியும் சரி, பள்ளிக்குச் சமைத்துக் கொடுப்பவரும் சரி, பதிவோ உரிமமோ வைத்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற சிறிய சமையலுக்கு அடிப்படைப் பதிவு போதும். உணவு பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) இணையதளத்தில் நாமே செய்யலாம். நாங்கள் கட்டியது ஆண்டுக்கு 100 ரூபாய். புகைப்படம், ஆதார், சமைக்கும் இடத்துக்கான சான்று, இவ்வளவுதான். ஒரு கணினி மையத்தில் 2,500 ரூபாய் கேட்டார்கள். கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முகவரிப் பகுதியில் எங்கள் சங்கத்தின் முகவரியை எழுதிவிட்டோம். சமையல் நடக்கும் இடத்தின் முகவரியைத்தான் கேட்கிறார்கள். விண்ணப்பம் திரும்பி வந்தது. திரும்பி வந்த செய்தி போன செல்பேசி எண் கணினி மையத்துக்காரருடையது. உங்கள் எண்ணையே கொடுங்கள்.

ஐந்தாவது, சமைப்பவர்களுக்கு மருத்துவச் சான்று. உணவைக் கையாள்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். காலையில் சீக்கிரம் போனால் பாதி நாளில் முடியும்.

ஆறாவது, தண்ணீர்ப் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. மாதிரி எடுக்கும் பாட்டிலை அங்கேயே வாங்கி, அவர்கள் சொல்கிறபடி எடுத்துக் கொடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய பாட்டிலில் எடுத்தால் கிருமி தொட்டியில் இருந்ததா பாட்டிலில் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாகப் பெற்றோர் சம்மதக் கடிதம். அதில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்: பிள்ளைக்கு எந்தச் சாப்பாடாவது ஒத்துக்கொள்ளாதா? எங்களிடம் ஒரு பையனுக்கு வேர்க்கடலை ஆகாது. அந்தக் கேள்வி இல்லாமல் இருந்திருந்தால் முதல் வாரமே அவனுக்குக் கடலைச் சட்னி பரிமாறியிருப்போம்.

4. பணம்: தொடங்கும் முன் மூன்று மாதச் செலவு கையில் இருக்க வேண்டும்

நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். இரண்டு மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதைவிடத் தொடங்காமல் இருப்பது மேல். ஏனென்றால் நாம் தொடங்கியதும் வீட்டில் காலைச் சமையல் மாறிவிடும். அம்மா நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ சீக்கிரம் கிளம்பத் தொடங்கிவிடுவார். நாம் நிறுத்தும் நாளில் அந்தப் பிள்ளைக்கு முன்பு கிடைத்த பழைய சோறும் கிடைக்காது.

60 பிள்ளைகளுக்கு 2024–25இல் எங்கள் ஒரு நாள் கணக்கு இது. ரவை அல்லது அரிசி நாலரை கிலோ, 225 ரூபாய். பருப்பு 1.2 கிலோ, 168. காய்கறி மூன்று கிலோ, 135. வேர்க்கடலை 600 கிராம், 85. எண்ணெய், தாளிப்புச் சாமான், உப்பு எல்லாம் சேர்த்து 100. எரிவாயு 100. சமைக்கும் இரண்டு அக்காமாருக்கு ஆளுக்கு 250 வீதம் 500. சோப்பு, ஆட்டோ வாடகை என்று 40. மொத்தம் 1,353 ரூபாய், பிள்ளைக்குச் சுமார் 22 ரூபாய் 50 காசு. ஆண்டுக்குச் சுமார் 210 வேலை நாள் என்று வைத்தால் இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

தொடக்கச் செலவு தனி. மூன்று பர்னர் அடுப்பு, இரண்டு அண்டா, சாம்பார் வாளி, எவர்சில்வர் தட்டு, டம்ளர், எடைத் தராசு, தீயணைப்பான், மூடியுள்ள டின்கள் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 38,000 ரூபாய் ஆனது. தட்டுகளைப் பாத்திரக் கடையில் எடைக்கு வாங்குங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டருக்குத் தனி இணைப்பு எடுங்கள். விலை அதிகம்தான். ஆனால் ஏதாவது விபத்து நடந்தால் வீட்டுச் சிலிண்டர் வைத்திருந்ததற்கு நம்மால் பதில் சொல்ல முடியாது.

வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். ஒருவர் ஊரிலேயே இருப்பவராக இருக்க வேண்டும். வரிவிலக்குக்கு 80ஜி ரசீது கேட்கும் நன்கொடையாளர்கள் வருவார்கள். வருமான வரித் துறையில் அதற்கென்றே ஒப்புதல் பெற்ற அமைப்பாக இருந்தால்தான் கொடுக்க முடியும், அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்குக் கிடையாது. தெரியாமல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

"என் பிறந்தநாளைக்கு ஒரு நாள் சாப்பாடு என் செலவு" என்பவர்களால்தான் எங்கள் பாதி ஆண்டு ஓடுகிறது. அவர்களிடம் இரண்டு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வெளியில் சமைத்த சாப்பாடும் கேக்கும் பெட்டி ஜூஸும் கொண்டுவர வேண்டாம். அன்றைய மளிகையை வாங்கிக் கொடுக்கலாம். பிள்ளைகள் சாப்பிடும்போது படம் எடுக்க வேண்டாம். ரசீதும் அன்றைய பட்டியலும் அனுப்பி வைப்போம். ஒருவர் இதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். இலவசச் சாப்பாட்டுத் தட்டோடு தன் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை எட்டாம் வகுப்புப் பிள்ளை எப்படித் தாங்கும்?

5. என்ன சமைப்பது, எவ்வளவு

அரசின் காலைத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கூட உள்ளூர்க் காய்கறி. அது ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கான அளவு. பெரிய பிள்ளைகளுக்கு என்ன அளவு என்று குழம்பினோம். மதிய உணவுக்கான மத்திய அரசின் அளவில் தொடக்க வகுப்புக்கு 100 கிராம் தானியம், ஆறு முதல் எட்டுக்கு 150 கிராம். அதே விகிதத்தில் பார்த்தால் காலைக்கு 75 கிராம் வருகிறது. பருப்பை 20 கிராமாக வைத்தோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாவது முறை கேட்பான், எட்டாம் வகுப்புப் பெண் பாதித் தட்டோடு எழுந்துவிடுவாள்; சராசரி சரியாக வந்தது.

முட்டைக்குக் காலையில் செலவு செய்யாதீர்கள். மதியச் சத்துணவில் முட்டை வருகிறது. அந்தப் பணத்தைப் பருப்பிலும் கடலையிலும் போடுங்கள். 75 கிராம் ரவையில் ஏழெட்டு கிராம் புரதம் வரும். 20 கிராம் துவரம்பருப்பும் பத்து கிராம் கடலையும் சேர்த்தால் இன்னும் ஆறேழு கிராம். காலைக்கு அது போதும்.

எங்கள் வாரம் இப்படி: திங்கள் ரவை உப்புமா, சாம்பார். செவ்வாய் கோதுமை ரவைக் கிச்சடி, கடலைச் சட்னி. புதன் வெண்பொங்கல், சாம்பார். வியாழன் கேழ்வரகுப் புட்டு, வெல்லம், சுண்டல். வெள்ளி சாமைக் கிச்சடி, கொஞ்சம் கேசரி. கடலை ஆகாத அந்தப் பையனுக்குச் செவ்வாய்க்கிழமை தேங்காய்ச் சட்னி, தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியில். கேழ்வரகு முதல் நாள் ஓடவில்லை. வெல்லத்தைப் பாகு காய்ச்சிப் பிசிறாமல், பொடித்து மேலே தூவிக் கொடுத்ததும் ஓடியது.

இட்லி, தோசை வேண்டாம். ஆசைதான். ஆனால் கிரைண்டர், மாவு, புளிப்பு என்று முந்தின நாள் மாலையே ஒரு ஆள் வேண்டும்; மழைக்காலத்தில் மாவு பொங்காவிட்டால் காலையில் அறுபது பிள்ளைகளும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டில் டீ குடித்துவிட்டு வரும் பிள்ளைகள் அதிகம். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. அதனால் நாங்கள் டீ கொடுப்பதில்லை. சுண்டலில் எலுமிச்சை பிழிந்துவிடுகிறோம். எலுமிச்சை இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

6. காலை நேரம்

5:45க்கு அக்காமார் வருவார்கள். பருப்பை முதலில் ஏற்றிவிட்டுத்தான் காய் நறுக்க உட்கார வேண்டும். 8:00க்குச் சமையல் முடிய வேண்டும். 8:05க்கு ஒரு ஆசிரியரோ பெற்றோரோ சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். 8:15க்குப் பந்தி. முதல் மணிக்கு இருபது நிமிடம் முன்னால் தட்டு கழுவி முடித்திருக்க வேண்டும்.

காகிதத்தில் இது அழகாக இருந்தது. நடந்தது வேறு. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பதினோரு பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். பஸ் வருவதே 8:45க்கு. வீட்டைவிட்டு எல்லோருக்கும் முன்னால் கிளம்பும் பிள்ளைகள் அவர்கள்தான். முதல் இரண்டு வாரம் அவர்கள் வரும்போது அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தோம். இப்போது பதினோரு பேருடைய பங்கும் முதலிலேயே ஹாட்பாக்ஸுக்குப் போய்விடும். நீங்கள் நேரம் குறிக்கும் முன் பஸ் நேரத்தைக் கேளுங்கள். ஹாட்பாக்ஸில் வைத்தாலும் கை சுடும் சூட்டில் இருக்க வேண்டும்; ஆறிப்போய் இரண்டு மணி நேரம் ஆனதைக் கொடுக்காதீர்கள்.

பரிமாறுவதில் ஒரு சின்ன விஷயம். சாம்பார் வாளியில் பருப்பு அடியில் தங்கும். முதல் வரிசைக்குத் தெளிந்த தண்ணீர், கடைசி வரிசைக்குக் கெட்டிப் பருப்பு. ஒவ்வொரு ஐந்து தட்டுக்கும் ஒரு முறை அடிவரை கிளற வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியும் தம்பி, கரண்டி குட்டை, அடிக்குப் போகல" என்றார். நீளக் கரண்டி 180 ரூபாய்.

7. சாப்பாட்டால் யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால்

தினமும் ஒரு பங்கை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் தேதி எழுதி, மறுநாள் வரை குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தால் உடனே பரிமாறுவதை நிறுத்துங்கள். அண்டாவைக் கொட்டாதீர்கள், கழுவாதீர்கள். 108ஐ அழையுங்கள், அப்புறம் தலைமையாசிரியர், பெற்றோர், உணவு பாதுகாப்பு அலுவலர். ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். எங்களுக்கு இதுவரை தேவைப்படவில்லை.

8. சமைப்பவர்களோடு எழுத்தில் பேசுங்கள்

மே மாதம் சம்பளம் உண்டா? காலாண்டு, அரையாண்டு விடுமுறையில்? காய்ச்சல் வந்தால் யார் வருவார்? இதையெல்லாம் பேசாமல் தொடங்கினோம். முதல் டிசம்பரில் பத்து நாள் சம்பளம் இல்லை என்றதும் ஒரு அக்காவின் முகம் வாடியதைப் பார்த்து எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. இப்போது விடுமுறை நாட்களுக்குப் பாதிச் சம்பளம். மூன்றாவதாக ஒருவருக்கும் மருத்துவச் சான்று எடுத்துத் தயாராக வைத்திருக்கிறோம். மாதத்தில் நாலு நாளாவது அவர் தேவைப்படுகிறார்.

9. மே மாத வேலை

பள்ளி மூடியதும் ஒரு வாரத்துக்குள் இவற்றை முடித்துவிடுங்கள். மிஞ்சிய ரவை, பருப்பை எடைபோட்டு, அக்காமாருக்கே கொடுத்து நோட்டில் எழுதுங்கள். ஜூன் வரை வைத்தால் வண்டு விழும். உணவு பாதுகாப்புப் பதிவு எந்த நாளில் முடிகிறது என்று பாருங்கள். தண்ணீரை மறுபடி சோதனைக்குக் கொடுங்கள், தொட்டியைக் கழுவிய பிறகு. மருத்துவச் சான்றுகளைப் புதுப்பியுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள், ஒரு நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, ஜூன் முதல் நாளுக்கான தட்டுகளை எண்ணி வாங்கி வையுங்கள். போன மாதம் நாங்கள் பத்தொன்பது வாங்கினோம்.